நீரிலிருந்து எழுந்த முகம்

கதையிலே வரும் அரக்கனுக்கு முகம் கொடுப்பவர் யார்? பாட்டி சொல்லக் கேட்ட கதையாயின், கேட்கும் குழந்தை ஒவ்வொன்றும் தன் மனத்துக்கு இசைந்த முகமொன்றை அவனுக்குப் பொருத்திக்கொள்ளும். ஒருவர் கண்ட அரக்கனை மற்றொருவர் காண்பதில்லை. ஆதலால் அவன் மாறிவிட்டான் என்று எவரும் முறையிடுவதுமில்லை. வீடியோ விளையாட்டுகளில் வரும் விசித்திரப் பிராணிகளின் நிலை அவ்வாறன்று. அங்கே முகத்தைச் சித்திரகாரரே வரைந்து கொடுத்துவிடுகின்றார். பத்து வயதில் அம்முகத்தைக் கண்ட பிள்ளை அதனைத் தன் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்கின்றது. சில ஆண்டுகள் கழித்து அவ்விளையாட்டின் அடுத்த பாகம் வெளிவருகின்றது. பெயர் அதுவாகவே இருக்கின்றது; முகமோ வேறாகிவிடுகின்றது. ‘இஃது அதுவன்று’ என்று ஒருவர் சொல்ல, ‘இதுதான் அது’ என்று மற்றொருவர் சாதிக்க, வீட்டிலே வழக்கு மூளுகின்றது.

எமது வீட்டிலும் அத்தகைய வழக்கொன்று நடந்ததுண்டு. வாதி எமது மைத்துனர். இளமைக் காலத்தை லண்டனிலே கழித்தவர். பிரதிவாதி எமது மகள், வயது பத்து. வழக்கின் பொருள் ‘ஸோரா’ என்னும் நீர்வாழ் இனம். யப்பானிலே கியோட்டோ நகரத்து நின்ரெண்டோ நிறுவனம் 1986ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிட்டுவரும் ‘த லெஜன்ட் ஒஃப் ஸெல்டா’ என்னும் விளையாட்டு வரிசையை அறிந்தவர்களுக்கு இவ்வினத்தை நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்வோம். ஹைரூல் என்பது ஒரு கற்பனை நாடு. லிங்க் என்னும் இளைஞன் அந்நாட்டின் காடு மலை எங்கும் அலைந்து, இளவரசி ஸெல்டாவுக்குத் துணை நிற்பான். பாகத்துக்குப் பாகம் நாடு சற்றே மாறும், கதையும் புதிதாகும். ஆயினும் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அப்பெயர்களுள் ஒன்றே ஸோரா.

“அது தண்ணிக்குள்ள இருந்து நெருப்புக் கக்கிற பிசாசு, பிள்ளை,” என்றார் மைத்துனர்.

“இல்லை மாமா, அவர் ஒரு இளவரசர். எவ்வளவு நல்லவர் தெரியுமே?” என்றாள் மகள்.

இருவர் சொன்னதும் மெய்யே. ஒருவர் தாம் கண்ட பாகத்தைச் சொன்னார். மற்றவர் தாம் கண்ட பாகத்தைச் சொன்னார். ஒரே பெயரின் கீழ்ப் பிசாசு எவ்வாறு இளவரசனாயிற்று என்பதை ஆராயப் புகுந்தபோது, அஃது ஓர் உருவத்தின் வரலாறாக மட்டும் எமக்குத் தோன்றவில்லை. அயலாரை நாம் எவ்வாறு அறிந்துகொள்கின்றோம் என்பதன் வரலாறாகவும் அது தோன்றிற்று.

256 புள்ளிகளில் ஒரு பகைவன்

1986இல் மியமோட்டோ ஷிகேரு, தெசுக்கா தக்காஷி முதலானோர் முதல் விளையாட்டை உருவாக்கியபோது அவர்கள் கையிலிருந்த இயந்திரம் மிகச் சிறியது. ஓர் உருவத்துக்குப் பக்கத்துக்குப் 16 புள்ளிகள். ஆக 256 புள்ளிகள். அதற்குள் தீட்டுவதற்கு ஒரு வேளையில் மூன்று நிறங்கள். இத்துணை வறுமையில் ஒரு பிராணியைப் படைப்பதாயின், முழு உடலையும் வரைந்து காட்டுதல் இயலாத காரியம். ஸோராவுக்கோ முழு உடல் தேவைப்படவுமில்லை. ஆற்று நீரில் சலசலப்புத் தோன்றும். தலையும் தோளும் மேலெழும். லிங்க்கை நோக்கி ஒரு தீயுருண்டை பாயும். மறுகணம் அது நீருள் மறைந்துவிடும். எங்கே மறைந்தது? அடியிலே அதற்கு வீடு உண்டா? குஞ்சு குழந்தைகள் உண்டா? எவரும் கேட்கவில்லை, கேட்பதற்கு நேரமும் இல்லை. தீயுருண்டைக்குத் தப்புவதே பெரும்பாடு.

விளையாட்டு உலகில் ஒரு பிராணியின் முதல் உருவம் பெரும்பாலும் இவ்வாறே அமைந்துவிடுகின்றது. ‘இஃது யார்?’ என்னும் கேள்விக்கு அது விடையன்று. ‘இஃது எமக்கு என்ன செய்யும்?’ என்னும் கேள்விக்கே விடை. தீங்கு செய்யும் உறுப்பு எதுவோ அதுவே பெரிதாகத் தெரியும். மற்றவை நீருக்குள்.

1991இல் ‘எ லிங்க் டு த பாஸ்ட்’ வந்தது. இயந்திரம் வளர்ந்திருந்தது, நிறங்கள் பெருகியிருந்தன. ஆற்றிலே எழுந்து தீயுமிழும் பச்சை நிற ஸோராக்கள் அங்கேயும் உண்டு. ஆனால் நீர்வீழ்ச்சியின் அருகே, அவ்வினத்தின் அரசன் ஒருவன் முதன்முறையாக வாய் திறந்து பேசுகின்றான். அவன் பேசுவது போர்ப் பேச்சன்று, வியாபாரப் பேச்சு. நீந்துவதற்குரிய துடுப்புக் காலணிகளை லிங்க்குக்கு விற்கின்றான். விலை 500 ரூபாய். வாசகர்கள் வியக்க வேண்டாம். அக்கற்பனை நாட்டின் நாணயத்துக்கும் ரூபாய் என்றுதான் பெயர். கடை விரித்தவனைப் பகைவனாகவே நெடுங்காலம் கொள்ளுதல் அரிது. அவனிடம் வாங்கிய பொருளைக் காலில் மாட்டிக்கொண்டுதான், அதுவரை அஞ்சி விலகிய நீரிலே லிங்க் முதன்முதலாக நீந்துகின்றான்.

சுற்றிப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு

பெரிய மாற்றம் 1998இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு வெளிவந்த ‘ஒக்கரீனா ஒஃப் ரைம்’ முப்பரிமாண உலகம். அதுவரை மேலிருந்து நோக்கிய நாட்டினுள் ஆட்டக்காரர் தாமே இறங்கி நடக்கலாயினர். எதிரே நிற்பவரைச் சுற்றிவந்து பார்க்கலாம். ஆகவே அவருக்கு ஒரு முதுகு வேண்டும், நடை வேண்டும், நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த ஆண்டிலே ஸோராக்கள் நீரைவிட்டு முழுமையாக வெளியே வந்தனர். வெளிறிய நீலம் கலந்த மேனி, ஒல்லியான உடல், கைகளிலே செட்டைகள், தலையின் பின்னே மீனின் வாலைப் போல் நீண்டு தொங்கும் பகுதி. பச்சைப் பிசாசு எங்கே, இந்த நீர்க்குல மக்கள் எங்கே!

உருவத்தோடு ஊரும் வந்தது. அருவியின் பின்னால் அவர்களுக்கு ஒரு குடியிருப்பு, அதிலே கடை, முத்துக்குளிப்பாரைப் போல் மூழ்கி விளையாடும் ஒரு போட்டி, காணாமற்போன மகளை எண்ணிக் கலங்கும் அரசன். அவன் பெருத்த உடலன். லிங்க்குக்கு வழிவிடுவதற்காகத் தன் இருக்கையில் அங்குலம் அங்குலமாக நகர்வான். அக்காட்சியில் பொறுமை இழந்து சிரியாத ஆட்டக்காரர் இலர். அவன் மகள் ரூட்டோவோ செல்லமும் பிடிவாதமும் நிறைந்த சிறுமி. 12 ஆண்டுகளுக்கு முன்னர் தீயுமிழ்ந்த இனத்திலே, தந்தையைப் படாத பாடு படுத்தும் ஒரு மகள் பிறந்துவிட்டாள்.

மைத்துனர் இப்பாகத்தை விளையாடியதில்லை. பழைய ஸோராக்களைத் தாம் வெட்டி வீழ்த்திய விதத்தை அவர் உற்சாகத்தோடு விவரித்துக்கொண்டிருந்தபோது, எமது மகள் ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப மாமா, நீங்கள் கொன்ற ஆக்கள் எல்லாரும் இந்த இளவரசரின்ர சொந்தக்காரரோ?”

மைத்துனர் விடை சொல்லவில்லை. தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டார். நாமும் விடை சொல்லவில்லை. அக்கேள்விக்கு உடனடி விடை எம்மிடமும் இருக்கவில்லை. ஆனால் விளையாட்டைப் படைத்தவர்கள் அதே கேள்வியோடு பல்லாண்டு போராடியிருக்கின்றார்கள் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

முகத்தை அணிந்துகொண்டவன்

2000ஆம் ஆண்டு வந்த ‘மஜோராஸ் மாஸ்க்’ அக்கேள்விக்குச் சொன்ன விடை துயரம் மிக்கது. கடற்கரையிலே மிக்காவ் என்னும் ஸோரா இளைஞன் குற்றுயிராய்க் கரையொதுங்குகின்றான். அவன் ஓர் இசைக்குழுவிலே மீனெலும்பாலான கிட்டாரை வாசிப்பவன். அக்குழுவின் பாடகி லூலூவின் முட்டைகளைக் கொள்ளையர் கவர்ந்து சென்றுவிட, அவற்றை மீட்கப் போய் அடிபட்டவன். துயர் ஆற்றும் பாடலொன்றை லிங்க் வாசிக்க, அவன் உயிர் அமைதியுறுகின்றது. அவன் முகம் ஒரு முகமூடியாக எஞ்சுகின்றது. அதனை அணிந்தால் லிங்க் ஸோராவாகவே மாறிவிடுவான். அதன்பின் ஆட்டக்காரர் அந்தச் செட்டைகளால் நீந்துகின்றார். அந்த உடலோடு ஊருக்குள் செல்கின்றார். மிக்காவ் இறந்த செய்தியை அறியாத நண்பர்கள் அவனை மிக்காவ் என்றே அழைக்கின்றனர். வாளால் எதிர்த்த முகத்தை, 14 ஆண்டுகளின் பின் வீரன் தன் முகமாக ஏந்துகின்றான்.

2001இல் வந்த ‘ஒரக்கிள் ஒஃப் ஏஜஸ்’ எளிய வழியொன்றை நாடிற்று. பழைய உருவமும் புதிய உருவமும் அதில் ஒருங்கே உண்டு. கடலில் வாழ்வோர் பண்புள்ளவர், ஆற்றில் வாழ்வோர் கொடியவர் என்று இனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கடல் ஸோராக்களே ஆற்று ஸோராக்களைத் தம்மவர் அல்லர் என்று ஒதுக்கினர். உலக வழக்கும் இதுதானே! ஓர் இனத்தில் ஒருவரோடு நட்புக் கொண்டால், ‘இவர் நல்லவர், மற்றவர்கள்தாம் அப்படி’ என்று சொல்லிவிடுவது எத்துணை இலகு! பழைய பகைமையையும் கைவிட வேண்டியதில்லை. புதிய நட்பையும் இழக்க வேண்டியதில்லை.

2002இன் ‘த விண்ட் வேக்கர்’ செய்த மாற்றமோ எல்லாவற்றிலும் விசித்திரமானது. அதில் ஹைரூல் கடலுள் மூழ்கிக் கிடக்கின்றது, ஸோராக்களைக் காணவில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் ரீட்டோ என்னும் பறவை மக்களாகத் தீவொன்றின் உச்சியில் வாழ்கின்றனர். வலூ என்னும் பறவைநாகத்திடம் செதிலொன்றைப் பெற்ற பின்னரே அவர்களுக்குச் சிறகு முளைக்கும். உலகமே நீராகிவிட்ட காலத்தில் மீனினம் ஏன் பறவையாக வேண்டும் என்று ஆட்டக்காரர் பலர் இன்றும் வாதிடுகின்றனர். வாதம் நியாயமானதே. ஆயினும் மெட்லி என்னும் ரீட்டோச் சிறுமி யாழை மீட்டும்போது, அவள் முன்னோராகிய லருட்டோ என்னும் ஸோரா மூதாட்டியின் ஆவி தோன்றி, தன் பணியை அவளிடம் ஒப்படைக்கின்றது. செட்டை போய்ச் சிறகு வந்தது, செதில் மட்டும் எஞ்சியது, இசையும் எஞ்சியது. எத்துணை மாறினாலும் பழைய நண்பரை அடையாளம் காண ஓர் இழையை விட்டுவைப்பதே நல்ல சித்திரகாரரின் நாணயம்.

மதிலுக்கு மேலே தெரிந்த தலை

இவ்விடத்தில் எமது அயல்வீட்டுச் செய்தியொன்றைச் சொல்ல விரும்புகின்றோம். எமது பின்மதிலுக்கு அப்பால் முதியவர் ஒருவர் தனியே வாழ்கின்றார். வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவர். ஓராண்டு காலம் அவரை நாம் தலையளவிலேதான் அறிந்திருந்தோம். பிள்ளைகளின் பந்து அவருடைய வளவுக்குள் விழும், மதிலுக்கு மேலே ஒரு தலை எழும், சூடான வார்த்தைகள் இரண்டு பறக்கும், தலை மறையும். பிள்ளைகள் அவருக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள்.

உறவினர் ஒருவரின் திருமண அழைப்பிதழைக் கொடுப்பதற்காக ஒருநாள் வீதியால் சுற்றி, அவர் வாசலுக்கு மகளையும் அழைத்துக்கொண்டு சென்றோம். மதிலின் அப்புறத்தை அன்றுதான் பார்த்தோம். மதிலடி நெடுகிலும் மிளகாய் நாற்றுகள் வரிசையாக நின்றன. முறிந்த நாற்றுகளுக்கு ஈர்க்குக் குச்சி வைத்து, பழந்துணி நாடாவால் கட்டியிருந்தார். அவை பந்து விழுந்து முறிந்தவை. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லி, தேநீர் தந்தார். மகள் அந்த நாற்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றுமுதல் பந்து விழுந்தால் அவள் மதிலில் ஏறுவதில்லை. வாசலால் போய்க் கேட்டு வாங்கி வருகின்றாள். பட்டப்பெயரும் வழக்கொழிந்தது.

அம்முதியவர் மாறிவிடவில்லை; இன்றும் கோபக்காரரே. மாறியது நாம் நின்று பார்த்த இடம். ஸோராக்களின் உருவ மாற்றத்திலும் இதுவே நிகழ்ந்தது என்பது எமது கருத்து. இயந்திரத்தின் வளர்ச்சி ஒரு காரணந்தான். நிறமும் புள்ளியும் பெருகாவிடின் முதுகும் முகபாவமும் வந்திருக்கமாட்டா. ஆனால் இயந்திரம் வளர்ந்ததால் மட்டும் பகைவன் நண்பனாவதில்லை. கூடிய வசதியைக் கொண்டு இன்னும் பயங்கரமான பற்களை வரைந்திருக்கலாம். மறுபுறம் சென்று பார்க்கத் துணிந்தவர்கள் அங்கே வீட்டையும் மகளையும் வரைந்தார்கள்.

முதுகில் சுமந்த இளவரசன்

எமது மகளின் இளவரசன் 2017இல் வெளிவந்த ‘பிரெத் ஒஃப் த வைல்ட்’ பாகத்தைச் சேர்ந்தவன். பெயர் சைடன். செந்நிற மேனியும் சுறாவின் சாயலும் உடையவன். பல் பளிச்சிடச் சிரித்து, கைமுட்டியை உயர்த்தி ஊக்கமூட்டுபவன். அப்பாகத்திலே ஸோராக்கள் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இல்லை. அரசன் மலைபோல் பெருத்தவன். மூத்தோர் சிலர் திருக்கை மீனை ஒத்தவர்கள். ஓர் இனத்தினருள் ஒருவர்போல் மற்றொருவர் இருப்பதில்லை என்னும் எளிய உண்மையைச் சித்திரகாரர் கண்டுகொள்ள 31 ஆண்டுகள் சென்றன.

இப்பொழுது சினம் மறுபக்கத்துக்கு மாறியிருப்பதையும் காண்கின்றோம். நூறாண்டுக்கு முன் நிகழ்ந்த பேரழிவில் ஸோராக்களின் இளவரசி மீஃபா உயிர்துறந்தாள். நீண்ட ஆயுளுடைய அம்மூத்தோர் அதனை மறக்கவில்லை. லிங்க்கின் இனத்தாரையே அவர்கள் வெறுக்கின்றனர். மூஸு என்னும் கிழவர் அவனை முகங்கொடுத்தும் பாரார். ஸோரா இளவரசியர் தாம் மணக்க விரும்புவோனுக்குத் தம் கையால் கவசம் செய்வது அவர்களுடைய மரபு. மீஃபா செய்து வைத்த கவசம் லிங்க்கின் உடலுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துவதைக் கண்டபோதுதான் கிழவரின் மனம் இளகுகின்றது. பின்னர் பெருமழையினால் ஊரை அழிக்கவிருந்த இயந்திர யானையை அடக்குவதற்கு, சைடன் லிங்க்கைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரியைக் கடக்கின்றான். 1986இல் நீரிலிருந்து எழுந்து தீயுமிழ்ந்த பெயர், 2017இல் அதே நீரில் முதுகு கொடுக்கின்றது. அந்த யானையின் பெயரிலே பழைய ரூட்டோவின் பெயர் ஒலிப்பதையும் கவனித்தல் வேண்டும். பழைய இழை அறவில்லை.

மைத்துனரின் பச்சை ஸோரா என்னவாயிற்று? அதற்குரிய நீதி 2024இல் கிடைத்தது. ‘எக்கோஸ் ஒஃப் விஸ்டம்’ என்னும் அப்பாகத்தில் இளவரசி ஸெல்டாவே கதையை நடத்துகின்றாள். அதனை நெறிப்படுத்திய சானோ தொமோமி, இவ்வரிசையில் அப்பணியை ஏற்ற முதற் பெண்மணி. அங்கே ஆற்று ஸோராவும் கடல் ஸோராவும் அருகருகே வாழ்கின்றனர். இரு சாராருக்கும் ஊர் உண்டு, தலைமை உண்டு. இரு சாராரிடையே சச்சரவும் உண்டு. ஸெல்டாவின் முயற்சியால் இருவரும் ஒன்றுபடுகின்றனர். பச்சை மேனி அழகுபடுத்தப்படவில்லை. அகன்ற வாய் சுருக்கப்படவில்லை. பழைய முகம் பழைய முகமாகவே இருக்க, அதற்கு ஒரு வீடு மட்டும் தரப்பட்டது. நல்லவர், கெட்டவர் என்று பிரித்த 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டிலும் இத்தீர்ப்பு உயர்ந்தது என்றே எமக்குத் தோன்றுகின்றது. எமது மகளின் கேள்விக்கும் இதுவே தக்க விடை: ஆம், அவர்களும் சொந்தக்காரரே.

அன்பார்ந்த வாசகர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒளித்திரையிலே ஏதோவொரு கோரப் பிராணியைக் காட்டி, அதனை வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்து கூறுவார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம், அம்மகிழ்ச்சியில் பிழையில்லை. அருகே அமர்ந்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ‘இதற்கு வீடு எங்கே?’ பிள்ளை சற்று நேரம் யோசிக்கும். பின்னர் தானே ஒரு வீட்டைச் சொல்லத் தொடங்கும்; வீட்டைச் சொல்லிவிட்டால் தாயையும் சொல்லும், தங்கையையும் சொல்லும். அடுத்த பாகத்தின் சித்திரகாரர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை உங்கள் பிள்ளை உங்கள் கண்முன்னே செய்து முடித்துவிடும்.